பழைய கேஆர்-2 கிட்: வரைபடப்படி கட்டுவதா, மாற்றிக் கட்டுவதா, விற்றுவிடுவதா?

அமெரிக்காவில், வீட்டிலேயே கட்ட வாங்கிப் பாதியில் நின்றுபோன விமானக் கிட்டுகள் மலிவாகக் கைமாறுகின்றன. தொடங்கியவருக்கு வயதாகிவிட்டது, அல்லது வேலை நிமித்தம் ஊர் மாறிவிட்டார். கேரேஜைக் காலி செய்ய நினைக்கும் குடும்பம் வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறது. அப்படிக் கண்ணில் படுபவற்றில் கேஆர்-2 முக்கியமானது. இருவர் அருகருகே அமரலாம். வோக்ஸ்வேகன் கார் எஞ்சின் போதும். ஸ்ப்ரூஸ் மரம், ஃபோம், ஃபைபர் கிளாஸ் ஆகியவைதான் பொருள்கள்.

வாங்கிய பிறகுதான் திண்டாட்டம் தொடங்குகிறது. வரைபடத்தை விரித்தால், அது 1970களில் வரைந்தது என்பது ஒவ்வொரு தாளிலும் தெரிகிறது. இருக்கை குறுகல், வால் சிறியது, மடங்கும் சக்கர அமைப்பு பழசு. "கொஞ்சம் மாற்றிக் கட்டினால் என்ன?" என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அந்த ஆசை புரிகிறது. ஆனால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று அதற்கு முன்னால் இருக்கிறது: மாற்றிய பிறகு, அந்த விமானத்தைப் பற்றி ஏற்கனவே தெரிந்தவற்றில் எவ்வளவு உங்களுக்குப் பொருந்தும்?

பழைய வடிவமைப்பின் பெரும் சொத்து அதன் பறந்த வரலாறுதான். எந்த எடையில் எப்படி ஸ்டால் ஆகிறது (வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கிறது), எங்கே விரிசல் விடுகிறது, எந்த வேகத்தில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) அதிர்கிறது என்பதையெல்லாம் பலர் பறந்தும், சிலர் உயிரைக் கொடுத்தும் கண்டறிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் அந்தச் சொத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. எதற்காக, எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று தெரிந்து செலவழிக்க வேண்டும். இந்த ஒப்பீடு முழுவதையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதுகிறேன்.

## முதலில் விமானத்தைப் பற்றி

கென் ராண்டும் ஸ்டூவர்ட் ராபின்சனும் கலிஃபோர்னியாவில் ஒற்றை இருக்கை கேஆர்-1ஐ உருவாக்கினார்கள். அதைத் தொடர்ந்து இரட்டை இருக்கை கேஆர்-2 வந்தது. காலி எடை 480 பவுண்டு, மொத்த எடை 900 பவுண்டு என்பது அன்றைய கணக்கு. கென் ராண்ட் 1979இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். அவர் மனைவி ஜீனெட் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். பிறகு கேஆர்-2எஸ் வந்தது. உடல் ஓரடிக்கும் மேல் நீண்டது, இறக்கையும் நீண்டது, அனுமதித்த எடை 980 பவுண்டானது.

இந்த கேஆர்-2எஸ் கவனிக்க வேண்டிய சாட்சி. கேஆர்-2இன் மூக்கு மேலும் கீழும் மிகச் சுலபமாக ஆடும். கட்டுப்பாட்டுக் குச்சியை ஒரு விரல் அசைத்தாலே போதும். வாலைப் பின்னால் தள்ளினால் அது அடங்கும் என்பதற்காகத்தான் உடலை நீட்டினார்கள். வரைபடத்தில் ஈர்ப்பு மையத்துக்கு (விமானத்தின் எடை சமன்படும் புள்ளிக்கு) கொடுத்த எல்லையில் பின்புறக் கடைசி 2 அங்குலத்தைத் தொடாதீர்கள் என்று கேஆர் கட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வருவதும் இதே காரணத்தால்தான்.

## எதை வைத்து அளப்பது

நிலைத்தன்மை. ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது, வால் அதைத் தாங்குகிறதா? கேஆர்-2இல் எரிபொருள் தொட்டி முன்னால், கருவிப் பலகைக்குப் பின்புறம் இருக்கிறது. பறக்கப் பறக்க எரிபொருள் தீர்ந்து ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். ஆகவே கணக்கைப் புறப்படும்போது மட்டும் போட்டால் போதாது. தொட்டி காலியாகி இறங்கும் நேரத்துக்கும் போட வேண்டும்.

எடையும் வலுவும். இங்கே ஒரு சிறு கணக்கு. 900 பவுண்டில் 6 ஜி (விமானத்தின் எடையைப் போல ஆறு மடங்குச் சுமை) தாங்கும் இறக்கை 5,400 பவுண்டைத் தாங்குகிறது. அதே இறக்கையை வைத்துக்கொண்டு விமானத்தை 1,080 பவுண்டாக்கினால் அது தாங்குவது 5 ஜிதான். ஸ்டால் வேகம் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். அந்த வேகத்தில் ஏதாவது ஒன்றில் மோதினால் வெளிப்படும் ஆற்றல் 44 சதவீதம் கூடும். கூட்டிய எடையோ 20 சதவீதம்தான்.

ஃபிளட்டர். வேகம் கூடும்போது ஏலரானோ (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) எலிவேட்டரோ தானாக அதிரத் தொடங்கி, சில நொடிகளில் விமானத்தையே பிய்த்துப் போடும் நிலை இது. கட்டுப்பாட்டுத் தளத்தின் பின்விளிம்பில் ஏறும் புட்டியும் பெயின்டும்கூட இதைத் தூண்டலாம். பெரிய எஞ்சின் போட்டதால் 'தாண்டக்கூடாத வேகம்' உயராது. அதை எட்டுவது மட்டும் சுலபமாகும்.

சட்டமும் காப்பீடும். அமெரிக்காவில் இந்த விமானங்கள் 'எக்ஸ்பெரிமென்டல், அமெச்சூர் பில்ட்' என்ற வகையில் பதிவாகின்றன. பெரும்பகுதி வேலையை ஆர்வலர்கள் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதல் உரிமையாளரும் ஆர்வலர் என்றால் அவர் வேலையும் கணக்கில் சேரும். ஆனால் அதற்கு அவருடைய கட்டுமானப் பதிவேடும் படங்களும் வேண்டும்.

காலமும் பணமும், உங்கள் உடல் அளவும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். நீங்களும் உங்களோடு பறக்கப்போகிறவரும் சேர்ந்து எவ்வளவு எடை? 900இலிருந்து காலி எடையையும் எரிபொருளையும் கழித்துவிட்டுப் பாருங்கள். முடிவு பெரும்பாலும் அந்த ஒரு கழித்தலிலேயே வந்துவிடும்.

## வழி 1: வரைபடத்தின்படியே கட்டுவது

பறந்த வரலாறு முழுதாக மிஞ்சும் ஒரே வழி இதுதான். உங்கள் விமானம் வித்தியாசமாக நடந்துகொண்டால், கட்டியதில் எங்கோ பிழை என்று உடனே தெரியும். மாற்றிக் கட்டிய விமானத்தில் அந்தத் தெளிவு கிடைக்காது. பிழை வேலையிலா வடிவமைப்பிலா என்றே தெரியாமல் தவிக்க நேரும்.

மறைந்திருக்கும் செலவு எடையில் இருக்கிறது. 480 பவுண்டு காலி எடையை எட்டியவர்கள் குறைவு. மின் ஸ்டார்ட்டர், ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், மெத்தை, தாராளமாக ஊற்றிய எபாக்சி எல்லாம் சேர்ந்து பல விமானங்கள் 550ஐத் தாண்டிவிடுகின்றன. அப்படியானால் 'வரைபடப்படி' கட்டியதாகச் சொல்லிக்கொண்டாலும், எடையில் நீங்கள் ஏற்கனவே வரைபடத்தை விட்டு விலகிவிட்டீர்கள்.

இன்னொரு செலவு பழைய பாகங்களின் வயது. முப்பது வருடம் ஈரக் கேரேஜில் கிடந்த ஸ்பாரின் (இறக்கையின் சுமையைத் தாங்கும் மர விட்டத்தின்) ஒட்டு எந்தப் பசையால் ஆனது? இறக்கையை உடலோடு இணைக்கும் எஃகுப் பிடிகளுக்குள் துரு இருக்கிறதா? கறை படிந்த மரமும், போல்ட் துளையைச் சுற்றிக் கறுத்த வளையமும் கெட்ட அறிகுறிகள். சந்தேகம் வந்தால் ஸ்பாரைப் புதிதாகச் செய்யுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஒல்லியான உடல்வாகு, பெரும்பாலும் தனியாகப் பறக்கும் எண்ணம், எடையில் கறாராக இருக்கும் மனம் ஆகிய மூன்றும் உள்ளவருக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும்.

## வழி 2: பிறர் பறந்து காட்டிய மாற்றங்களை மட்டும் ஏற்பது

என் பரிந்துரை பெரும்பாலோருக்கு இதுதான். செலவழிக்கும் வரலாற்றுக்கு ஈடாக இன்னொரு வரலாறு கிடைக்கிறது.

கேஆர்-2இல் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. கையால் மடக்கும் பழைய சக்கர அமைப்பை விட்டு நிலையான கால்களுக்குப் பலர் மாறிவிட்டார்கள். உடலை கேஆர்-2எஸ் அளவுக்கு நீட்டலாம். இறக்கை வெட்டுக்கும், அதாவது அதன் குறுக்குவெட்டு வடிவத்துக்கும் (ஏர்ஃபாயில்), மாற்று இருக்கிறது. மூல வடிவத்தில் இருப்பது ஆர்ஏஎஃப்-48 என்ற பழைய பிரிட்டிஷ் ஏர்ஃபாயில். இலினாய் பல்கலைக்கழகத்தில் அசோக் கோபாலரத்தினமும் மைக்கேல் செலிக்கும் கேஆரின் அளவையும் வேகத்தையும் மனதில் வைத்தே ஏஎஸ்-5045, 5046, 5048 என்ற வரிசையை உருவாக்கினார்கள். தடிமன் 15, 16, 18 சதவீதம். பட்டியலிலிருந்து ஒரு பிரபல வெட்டைப் பொறுக்கி ஒட்டவைக்காமல், குறிப்பிட்ட விமானத்துக்காகவே கணக்கிட்டார்கள்; பிறகு கேஆர் கட்டுபவர்கள் அதில் பறந்தும் பார்த்தார்கள். ஒரு மாற்றம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மற்ற விமானங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. குவிக்கி க்யூ-2இன் முன் இறக்கையில் மழைத்துளியோ பூச்சியோ படிந்தால் தூக்குவிசை குறைந்தது. பின்னர் கார்பன் ஸ்பாரோடு எல்எஸ்-1 வெட்டு கொண்ட முன் இறக்கை வந்தது. சீனித் சிஎச் 601எக்ஸ்எல் விமானங்கள் நடுவானில் உடைந்ததைத் தொடர்ந்து, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி, 2009 ஏப்ரலில் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திவைக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. பின்னர் இறக்கையை வலுப்படுத்தவும் ஏலரானைச் சமன்செய்யவும் மேம்பாட்டுத் தொகுப்பு வந்தது. இத்தகைய விமானத்தில் மூல வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து. பழைய கிட் எதுவானாலும், அதன் திருத்த அறிவிப்புகளை முதல் நாளே தேடிப் படித்துவிடுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, நிரூபித்த மாற்றங்கள் தனித்தனியாக நிரூபிக்கப்பட்டவை. ஒருவர் இறக்கையை மாற்றிப் பறந்தார், இன்னொருவர் எஞ்சினை மாற்றிப் பறந்தார். இரண்டையும் சேர்த்து நீங்கள் கட்டினால் அந்தச் சேர்க்கை புதியது. முடிந்தவரை, பல மணி நேரம் பறந்த ஒரே விமானத்தின் முழுச் சேர்க்கையையும் அப்படியே பின்பற்றுங்கள். இறக்கை ஒருவரிடம், வால் இன்னொருவரிடம் என்று பொறுக்காதீர்கள்.

இரண்டாவது, மாற்றங்களுக்கும் தங்களுக்கென்று கசப்பான அனுபவம் உண்டு. கோர்வேர் கார் எஞ்சின் நல்ல உதாரணம்: ஆறு சிலிண்டர், 2.7 லிட்டர், சுமார் 100 குதிரைத்திறன். வோக்ஸ்வேகனைவிட வலுவானது, எடையும் கூடுதல். விமானத்தில் பயன்படுத்தத் தொடங்கிய பின் சிலவற்றில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. முன்புறம் ஐந்தாவது பேரிங் சேர்க்கும் வழக்கம் அதன் பிறகுதான் வந்தது. பழைய குறிப்பைப் பார்த்துக் கோர்வேர் பொருத்துபவர் அந்தப் பேரிங்கை விட்டுவிடலாம். மாற்றத்தை எடுத்துக்கொண்டால் அதன் கடைசித் திருத்தம் வரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உங்கள் கிட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. ஸ்பார் ஏற்கனவே ஆர்ஏஎஃப்-48 அளவுக்கு ஒட்டியிருந்தால் தடித்த வெட்டுக்குப் போவது புது ஸ்பார் செய்வதற்குச் சமம். மெல்லிய ஏஎஸ்-5045 உங்கள் ஸ்பாரில் பொருந்துமா என்று அளந்து பாருங்கள். வெட்டு மாறினால் இறக்கையைப் பொருத்தும் கோணமும் மாறும். உடலில் ஸ்பார் நுழையும் இடத்தை அதற்கேற்பச் சரிசெய்ய முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

## வழி 3: சொந்தமாக மறுவடிவமைப்பது

உடலை நான்கு அங்குலம் அகலப்படுத்தலாம் என்று நினைக்கிறீர்கள். நியாயமான ஆசைதான், இருவர் தோள் இடிக்காமல் அமரலாம். ஆனால் நடு ஸ்பார் அந்த உடலுக்குள் குறுக்கே போகிறது. உடல் விரிந்தால் அந்தக் கணக்கும் விரிகிறது. அகலமான உடல் காற்றை அதிகம் தடுக்கும், எடையும் கூடும். அதை ஈடுகட்டப் பெரிய எஞ்சின். பெரிய எஞ்சின் முன்னால் எடையைச் சேர்ப்பதால் பேட்டரி பின்னால் போகிறது. வால் பெரிதாக வேண்டும். பெரிய வாலின் விசையைத் தாங்க உடலின் பின்பகுதி வலுப்பட வேண்டும், அதனால் மீண்டும் எடை. நான்கு அங்குலத்தில் தொடங்கியது சக்கரத்தின் பிரேக் வரை போய்த்தான் நிற்கும்.

இது செய்யக் கூடாத வேலை என்று நான் சொல்லவில்லை. வீட்டில் விமானம் கட்டும் மரபே இப்படிச் செய்தவர்களால்தான் வளர்ந்தது. ஆனால் இந்த வழியில் இறங்கினால் அதைக் கேஆர்-2 என்று நினைப்பதை அன்றே நிறுத்திவிடுங்கள். புதிய விமானம் ஒன்றை வடிவமைக்கிறீர்கள். அதற்குரிய வேலை அத்தனையும் உங்கள் தலையில்: இறக்கைச் சுமைக் கணக்கு, வால் கன அளவு (வாலின் பரப்பும் அது இருக்கும் தூரமும் போதுமா என்ற கணக்கு), ஃபிளட்டர் ஆய்வு, மணல் மூட்டை அடுக்கிச் சுமைச் சோதனை. மணல் மூட்டைச் சோதனை இறக்கை முறியுமா என்பதை மட்டும் சொல்லும். அதிருமா என்று சொல்லாது. அதனால்தான் விமானக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கட்டணத்தைப் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதச் சொல்கிறேன்.

காற்றியலோடு தொடர்பே இல்லாத மாற்றமும் ஆளைக் கொல்லும். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டெரி விரிகுடாவில் விழுந்து இறந்தது லாங்-ஈஸி என்ற வீட்டுத்தயாரிப்பு விமானத்தில். அதைக் கட்டியவர் அவரல்ல. வேறொருவர் கட்டியதை வாங்கியிருந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடியை, கட்டியவர் வரைபடம் காட்டிய இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்டித் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது ரட்டர் பெடலும் (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் கால்மிதி) அழுந்தி, கட்டுப்பாடு போனது என்பது என்டிஎஸ்பி கண்ட முடிவு. எட்டாத இடத்தில், குறியீடு இல்லாமல் இருந்த அந்தக் கைப்பிடியும் துணைக்காரணமாகப் பதிவானது. ஒரு கைப்பிடியின் இடம், அவ்வளவுதான். அந்த மாற்றத்தின் விலையைக் கட்டியவர் கொடுக்கவில்லை, வாங்கியவர் கொடுத்தார். நீங்கள் மாற்றும் எதுவும் ஒரு நாள் இன்னொருவர் கைக்குப் போகும் என்பதை வடிவமைக்கும்போதே நினைக்க வேண்டும்.

விற்பனை விலையும் அடிபடும். விஷயம் தெரிந்தவர் உங்கள் கணக்குகளைக் கேட்பார். எழுதி வைத்திருக்காவிட்டால் எஞ்சின் விலைக்கும் கருவிகளின் விலைக்கும் மேல் தரமாட்டார்.

ஸ்பார் இன்னும் வெட்டாதவர், பொறியியல் பின்னணி உள்ளவர், பறப்பதைவிட வடிவமைப்பில் மகிழ்ச்சி காண்பவர் ஆகியோருக்கு இது நிறைவான பாதை. சீக்கிரம் பறக்க வேண்டும் என்பவர் இதில் இறங்க வேண்டாம்.

## வழி 4: கைமாற்றிவிட்டு வேறு விமானத்துக்குப் போவது

இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. உங்கள் இருவரின் எடையும் சேர்ந்து 900 பவுண்டு கணக்கில் அடங்கவில்லை என்றால், எந்த மாற்றமும் கேஆர்-2ஐ உங்களுக்கான விமானமாக ஆக்காது.

வேன்ஸ் நிறுவனத்தின் புதிய ஆர்வி கிட்டுகளில் துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டு வருகின்றன. அதனால் அளவுப் பிழை குறைவு, வழிகாட்டி நூலும் தெளிவு. ஆனால் எஞ்சின், புரொப்பெல்லர், கருவிகள் சேர்ந்தால் மொத்தச் செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். புதியது என்பதால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். லேசரில் வெட்டிய துளைகளில் விரிசல் பிரச்சினை வந்தபின், 2023 டிசம்பரில் வேன்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது. மறுசீரமைப்புக்குப் பின் அடுத்த ஆண்டு மீண்டது. இடைப்பட்ட மாதங்களில் முன்பணம் கட்டியவர்கள் பட்ட கவலை சிறிதல்ல. முன்பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் விமானத்தை வாங்குவது இதிலேயே இன்னொரு கிளை. மிக விரைவில் வானில் ஏற வைக்கும் வழி இதுவே. ஆனால் நீங்கள் கட்டாததால், ஆண்டுப் பரிசோதனையைத் தானே செய்யக் கட்டியவருக்குத் தரும் ரிப்பேர்மேன் சான்றிதழ் கிடைக்காது. அந்தப் பரிசோதனைக்கு உரிமம் பெற்ற மெக்கானிக்குக்குச் செலவழிக்க நேரலாம். முந்தையவர் என்னென்ன மாற்றினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | 1: வரைபடப்படி | 2: நிரூபித்த மாற்றங்கள் | 3: சொந்த மறுவடிவமைப்பு | 4: வேறு விமானம் |
|---|---|---|---|---|
| பறந்த வரலாறு | முழுதும் மிஞ்சும் | பெரும்பகுதி மிஞ்சும் | ஏறக்குறைய பூஜ்யம் | அந்த விமானத்துக்குரியது கிடைக்கும் |
| மூக்கின் ஆட்டம் | இருக்கும், தெரிந்தது | நீட்டிய உடலில் குறையும் | கணக்கைப் பொறுத்தது | வடிவத்தைப் பொறுத்தது |
| எடை கூடும் அபாயம் | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | மிக அதிகம் | குறைவு |
| கட்டும் காலம் | குறைவு | நடுத்தரம் | மிக நீளம் | கிட் என்றால் நீளம், பறப்பதை வாங்கினால் இல்லை |
| பணம் | குறைவு | நடுத்தரம் | கணிக்க முடியாது | அதிகம் |
| காப்பீடு | முன்கூட்டியே கேட்கவும் | மாற்றங்களைச் சொல்லிக் கேட்கவும் | கடினமாகலாம் | ஒப்பீட்டில் எளிது |

## சோதனைப் பறப்பும் அதன் விலையும்

இதை அட்டவணையில் அடக்க முடியவில்லை. வகைச் சான்றிதழ் பெற்ற எஞ்சின்–புரொப்பெல்லர் சேர்க்கை என்றால் முதல் கட்டச் சோதனை வழக்கமாக 25 மணி நேரம். கார் எஞ்சின் போன்றவற்றுக்கு 40. பதிவான பிறகு பெரிய மாற்றம் செய்தால், விமானத்தின் இயக்க நிபந்தனைகளின்படி, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவுக்குத் தெரிவித்துவிட்டு மீண்டும் சோதனைக் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். குறைந்தபட்சம் 5 மணி நேரம் என்பது வழக்கமான நிபந்தனை. வழி 3இல் போகிறவர் இந்த எண்களைக் குறைந்தபட்சமாகத்தான் கொள்ள வேண்டும். ஈர்ப்பு மையத்தை முன் எல்லையிலிருந்து பின்னோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஸ்டால் செய்து பார்க்கவே நிறைய நேரம் போய்விடும்.

## முடிவெடுக்கும் முன் இந்த மாதமே செய்யக்கூடியவை

கிட்டோடு வந்த பதிவேடு, படங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் முந்தைய உரிமையாளர் குடும்பத்திடம் கேட்டு வாங்குங்கள், பிறகு கிடைக்காது. ஆர்வலர் சங்கமான இஏஏவின் டெக்னிக்கல் கவுன்சிலர் உங்கள் பகுதியில் இருப்பார். அவர்கள் தன்னார்வலர்கள்; உங்கள் கேரேஜுக்கே வந்து ஸ்பாரையும் ஒட்டுகளையும் பார்ப்பார்கள். அவர் ஸ்பாரை நிராகரித்தால் வருந்தாதீர்கள்: புது ஸ்பார் செய்தே ஆக வேண்டும் என்ற நிலையில், ஏஎஸ் வெட்டுக்கும் நீட்டிய உடலுக்கும் போகும் கூடுதல் செலவு மிகக் குறைகிறது, வழி 2க்குக் கதவு தானாகத் திறக்கிறது. ஸ்பார் நன்றாக இருந்து, நீங்களும் ஒல்லியானவர் என்றால் வழி 1இல் போங்கள். காப்பீட்டு முகவரிடம் இரண்டு வழிகளுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். அதற்குப் பிறகும் அகலமான உடல்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், மரத்தில் கை வைக்கும் முன் ஒரு பொறியாளரிடம் அந்த நான்கு அங்குலத்துக்கான கணக்கைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.